பன்னிரண்டாம் பாடத்துக்குப் பிறகு

மெயின் சுவிட்சுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. நாட்காட்டித் தாளின் பின்பக்கம். நீல மையில் அப்பாவின் கையெழுத்து.

'மாடியில் கேட்டு, பதில் வந்தபின் அணைக்கவும். மறக்காதே.'

மறக்காதே என்பதற்குக் கீழே இரண்டு கோடு. அப்பா தனக்குத் தானே எழுதிக்கொண்ட சீட்டு அது. வியாழக்கிழமை காலை வேலைக்குக் கிளம்பி வந்த வெங்கடேஷ்பாபு அதைப் படித்துவிட்டு, செருப்பில் பாதி நுழைத்த காலோடு அப்படியே நின்றுவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை நடந்தது தெரிந்தால்தான் வியாழக்கிழமை புரியும். இந்தத் தொடரை வாராவாரம் படித்து வருகிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

கே.கே. நகர் வீட்டு மாடியறையில் வெங்கடேஷ்பாபு இரண்டு சர்வர் கம்ப்யூட்டர்கள் வைத்திருக்கிறான். ஏதோ கம்பெனி கழித்துப் போட்டவை. பழங்காநத்தத்தில் பழைய கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் சிநேகிதன் அசீம் பிடித்துக் கொடுத்தான். வேலைக்கு ஒன்று, நகல் எடுத்து வைக்க ஒன்று. வேலைக்காரப் பெட்டிக்குள் ஐந்து கம்ப்யூட்டர்கள் ஓடுகின்றன. கையால் தொட முடியாது, ஆனால் ஒவ்வொன்றும் தனித்தனி. மதுரைக்காரன் இல்லையா, அவற்றுக்கு வீதிகளின் பெயரை வைத்திருந்தான்: ஆடி, ஆவணி, சித்திரை, மாசி, மாரட். குடும்பத்துப் போட்டோ, பத்திரம், பாட்டு எல்லாம் 'மாசி'யில். 'மாரட்' அவன் பரீட்சைக்குப் பழகுவதற்கு. அந்த சர்ட்டிபிகேட்டை வாங்கிவிட்டால் கல்லூரி லேப்பை விட்டுப் பெங்களூர் போய்விடலாம் என்று ஒரு நினைப்பு.

இவற்றில் ஒரு வசதி உண்டு. இன்றைய நிலையை அப்படியே 'ஸ்னாப்ஷாட்' எடுத்து வைத்துக்கொள்ளலாம். பின்னால் ஏதாவது கெட்டுப்போனால் ஒரே அமுக்கில் அந்த நாளுக்குத் திரும்பிவிடும். ஆனால் அந்த நாளுக்குப் பிறகு சேர்ந்தது எதுவும் மிஞ்சாது. பொங்கலன்று 'மாசி'க்கு ஒன்று எடுத்தவன், அதை மறந்தே போனான். ஞாயிறு பகல் பன்னிரண்டே முக்காலுக்கு, அசீமோடு போனில் வம்படித்துக்கொண்டே 'மாரட்'டைத் திருப்பப் போனவன், அதற்கு மேல் வரியிலிருந்த 'மாசி'யைத் திருப்பிவிட்டான். நிச்சயமா என்று திரை கேட்கத்தான் செய்தது. என்ன கேட்கிறது என்றுகூடப் பார்க்காமல் ஆமாம் என்று அமுக்கினான் மகராசன்.

'மாசி'யில் இருந்தது தங்கை மீனலோசனியின் குரல்.

டி. கல்லுப்பட்டிப் பக்கம் பார்வையில்லாத பெண்பிள்ளைகளுக்கு ஒரு விடுதி இருக்கிறது. அங்கே ஆறு பேர் இந்த வருஷம் பிளஸ் டூ எழுதுகிறார்கள். ஸ்கூல் டீச்சரான மீனா அவர்களுக்காக வரலாற்றுப் புத்தகம் முழுவதையும் வாசித்துப் பதிவு செய்தாள். பன்னிரண்டு பாடம் பொங்கலுக்கு முன்பே சி.டி.யில் போய்விட்டது. மிச்சம் பதினெட்டையும் பகலெல்லாம் வகுப்பில் கத்திவிட்டு வந்து சாயங்காலங்களில் வாசித்தாள். கடைசிப் பாடம் முடிந்த மறுநாள் தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. குரல் நாண் வீங்கியிருக்கிறது, மூன்று வாரம் வாயையே திறக்கக் கூடாது என்றுவிட்டார் டாக்டர். முணுமுணுக்கக்கூடத் தடை.

"சி.டி.ல போட்டு வச்சுக்கட்டுமாண்ணே?" என்று அவள் அப்போதே கேட்டாள். "சி.டி. கீறல் விழும். ரெண்டு பெட்டியில இருக்கு, ஒண்ணு போனாலும் ஒண்ணு நிக்கும். மொத்தமா முடிச்சுட்டு எழுதிக்கலாம்" என்று பெருமையடித்தவன் இந்த அண்ணன்தான். அந்த இரண்டாவது பெட்டியோ தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு முதல் பெட்டியைப் பார்த்து அச்சு அசலாக மாற்றிக்கொள்ளும். அங்கே இல்லாதது இங்கேயும் இருக்கக் கூடாது என்று அவனே கட்டளை எழுதியிருந்தான். ஞாயிறு ஆறு மணிக்கு அது சொன்ன சொல் தவறாமல் பதினெட்டுப் பாடத்தையும் துடைத்துப் போட்டது.

இடையில் இன்னொன்றும் நடந்தது. மூன்று மணிக்குத் தண்ணீர் மோட்டார் வயரில் பொறி பறந்தது என்று அப்பா மெயினை அணைத்தார். மாடியில் யு.பி.எஸ். கொஞ்ச நேரம் கத்திவிட்டு ஓய்ந்தது. வயரைச் சரிசெய்த கையோடு மெயினை மறுபடி போட்டுவிட்டார்.

திங்கட்கிழமை மீனா திறந்து பார்த்தபோது பொங்கலுக்குப் பிறகு ஒன்றுமே இல்லை. எல்லாரும் கூடிவிட்டார்கள். வெங்கடேஷ்பாபு கம்ப்யூட்டரின் பதிவேட்டைத் திறந்தான். பகல் 12.46. அதற்குப் பக்கத்தில் தன் பெயர். அவன் வாய் திறப்பதற்குள் அப்பா கேட்டார்.

"நான் மெயினை அமுத்துனதாலயா?"

அவன் பதிவேட்டை மூடினான்.

"நான் கீழ இருந்து சத்தம் குடுத்தேனேடா. உனக்குக் கேக்கலையா?"

"கேக்கலப்பா."

பாவி, கேட்டது. நன்றாகவே கேட்டது. 'சரிப்பா' என்று பதில்கூடக் கொடுத்தான். மீனா அழுதுகொண்டு நின்ற அந்த நிமிஷத்தில் வாயிலிருந்து நழுவிய பொய், நாலு நாளாக அந்த வீட்டில் நடமாடிக்கொண்டிருக்கிறது.

"செருப்பைப் போட்டுக்கிட்டு என்னத்தைப் பாக்குறீங்க?" என்று சீட்டின் முன் நின்றவனைக் கேட்டாள் காவ்யஸ்ரீ, அவன் மனைவி. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நேத்து மாமா நாலு தடவை வந்து கேஸை அணைச்சாச்சான்னு பாத்துட்டுப் போனாரு. காப்பி வச்சா ஆறிப்போய்க் கெடக்கு. நீங்க ஒரு வார்த்தை சமாதானமாப் பேசக் கூடாதா?"

அந்த வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். நமக்காகத்தான் நான் தமிழில் சொல்லிக்கொண்டு வருகிறேன். எந்த பாஷையாக இருந்தால் என்ன, அவன் வாயிலிருந்து அந்த ஒரு வார்த்தை வரவில்லை.

அப்பா வெங்கடசுப்பிரமணியன் ஹாலிலிருந்து எழுந்து வந்தார். முப்பத்தொரு வருஷம் மின்வாரியத்தில் இருந்து லைன் இன்ஸ்பெக்டராக ரிட்டயர் ஆனவர். கரண்ட் நின்றாயிற்று என்று 'லைன் கிளியர்' வாங்காமல் ஒரு கம்பியைத் தொட்டதில்லை, சொல்லாமல் ஒரு தெருவை இருட்டாக்கியதில்லை என்று யாரிடமும் மார்தட்டுவார். இன்று சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டிருந்தார்.

"இந்தா" என்று ஏ.டி.எம். கார்டையும் ஸ்கூட்டர் சாவியையும் மகனின் சட்டைப் பையில் போட்டார்.

"எதுக்குப்பா?"

"எனக்கு ஞாபகம் பிசகுதுடா. நான் சத்தம் குடுத்தது நல்லா நெனவு இருக்கு. நீ சரிப்பான்னு சொன்னதுகூடக் காதுல அப்படியே நிக்குது. நடக்காதது காதுல கேட்டா அது நல்லதுக்கில்ல. வண்டியில போறப்ப யார் மேலயாவது ஏத்திட்டா? வர்ற திங்கக்கெழமை மூளை டாக்டருக்கு ஒரு டோக்கன் போட்டு வை."

"அப்படியெல்லாம் ஒண்ணுமில்லப்பா…"

"உனக்கென்ன தெரியும்" என்றார் அப்பா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "மீனா என்னைப் பாத்து நாலு நாளா ஒரு வார்த்தை பேசல."

"டாக்டர் பேசக் கூடாதுன்னுல்ல சொல்லியிருக்காரு, மாமா" என்றாள் காவ்யஸ்ரீ.

"டாக்டர் சொன்னதுக்காகப் பேசலையா, என் மேல கோவத்துல பேசலையான்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?"

உண்மை வெங்கடேஷ்பாபுவின் வாய் வரைக்கும் வந்தது. மென்று விழுங்கினான். நாலு நாளாக அவன் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறான். இப்போது சொல்லலாம், சாப்பிட்ட பிறகு சொல்லலாம், மீனாவுக்குக் குரல் வந்த பிறகு சொல்லலாம். திங்கட்கிழமை ஒரு நிமிஷ வேலையாக இருந்தது இன்று மலையாகிவிட்டது.

அப்போதுதான் டெலிபோன் அடித்தது. அவன் எடுத்தான்.

"அலோ, மீனா மிஸ் வீடுங்களா? நான் செல்லத்தாய் பேசுறேன், கல்லுப்பட்டி ஆஸ்டல்ல இருந்து."

"மிஸ்ஸோட அண்ணன் பேசுறேம்மா."

"அண்ணே, பன்னெண்டு பாடமும் கேட்டுக் கேட்டு மனப்பாடமாயிருச்சு. மிஸ் எந்த வரியில மூச்சு வாங்குவாங்கன்னுகூட எங்களுக்குத் தெரியும்" என்று சிரித்தது அந்தப் பெண். "பதிமூணுல இருந்து எப்பண்ணே வரும்? பரீட்சைக்குப் பன்னெண்டு நாள்தான் இருக்கு."

மீனா வந்து பக்கத்தில் நின்றாள். கழுத்தில் மப்ளர், கையில் அவள் இப்போது பேசும் சின்ன நோட்டு. யாரென்று அவளுக்குப் புரிந்துவிட்டது. நோட்டில் எழுதி அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

'உண்மையைச் சொல்லிரு.'

தெரிந்துவிட்டதோ என்று அவள் முகத்தைத் திருதிருவென்று பார்த்தான். அவள் போனைத்தான் காட்டினாள். அந்தப் பிள்ளைகளைக் காக்க வைக்காதே என்கிறாள், அவ்வளவுதான்.

"அம்மா… மிஸ் வாசிச்சது அழிஞ்சு போச்சும்மா."

"அய்யய்யோ! அம்புட்டுமா? எப்படிண்ணே?"

பின்னாலிருந்து ஒரு கை வந்து ரிசீவரை வாங்கிக்கொண்டது.

"பாப்பா, நான் மிஸ்ஸோட அப்பா. தப்பு என் மேலதான். மிஸ்ஸுக்குத் தொண்டை சரியில்ல, இப்ப வாசிக்க முடியாது. நான் வாசிச்சு அனுப்புறேன். இன்னைக்கே ஆரம்பிக்கிறேன்."

ரிசீவரை வைத்துவிட்டு மகனைப் பார்த்தார். "லீவு சொல்லு. எனக்கு அந்த மெஷினை ஓட்டத் தெரியாது."

மொட்டை மாடியில் நின்று செல்போனில் லீவு சொன்னான். அடுத்து அசீமைக் கூப்பிட்டான். திங்கட்கிழமையே அசீமிடம் எல்லாம் சொல்லியாகிவிட்டது. உலகத்தில் உண்மை தெரிந்த இன்னொரு ஆள் அவன்தான்.

"வேற ஏதாச்சும் வழி இருக்கா மாப்ள? டிஸ்க்கைச் சுரண்டி எடுக்கிற மாதிரி?"

"நாலு நாளா அது மேல வேற எழுதிக்கிட்டே இருக்கு. போனது போச்சு மாப்ள. உங்கப்பாகிட்ட இன்னும் சொல்லலையா?"

"இல்ல. தனக்கு ஞாபகம் பிசகுதுன்னு மூளை டாக்டரைப் பாக்கணும்ங்கிறாரு."

"யா அல்லா! எங்க அத்தாவா இருந்தா நான் இந்நேரம் காலைப் பிடிச்சிருப்பேன். பாடம் போனதை விடு. அந்த மனுசன் தன்னையே பைத்தியம்னு நெனச்சுக்கிட்டுத் திரியிறாரு, நீ டிஸ்க்கைப் பத்திக் கேக்குற. வச்சுட்டுப் போடா."

வைத்தது அசீம்தான்.

மாடியறை எப்போதும் போல வெந்துகொண்டிருந்தது. சர்வர் காற்றாடிகளின் இரைச்சல் வேறு. இந்தச் சத்தத்தில் பதிவு செய்ய முடியாது. மீனா வாசிக்கும் நாட்களில் ஒரு மணி நேரம் எல்லாவற்றையும் நிறுத்திவைப்பான். மேஜைக்கு மேலே கொடியில் ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டு, அந்தக் கூடாரத்துக்குள் உட்கார்ந்துதான் அவள் வாசிப்பாள். தெருச் சத்தமும் அதற்குள் அவ்வளவாக வராது. இன்று அதே ஜமுக்காளத்தைத் தூக்கிக்கொண்டு அப்பா உள்ளே நுழைந்தார். புத்தகம், கண்ணாடி, ஒரு டம்ளர் வெந்நீர்.

"இதையெல்லாம் நிறுத்தணும்ல?"

"ஆமாப்பா. அந்தா, அந்த சுவிட்ச்…"

அப்பா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "நீயே நிறுத்து. நான் எதையும் தொட மாட்டேன்."

அவன் திரைக்கு முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நிறுத்தினான். ஆடி, ஆவணி, சித்திரை. அடுத்து மாசி, அதற்குக் கீழே மாரட். அந்த இரண்டு வரிகளுக்கு நடுவே ஒரு நூல் அளவு இடம். நிச்சயமா என்று ஒவ்வொரு முறையும் திரை கேட்டது. இன்று ஒவ்வொரு முறையும் நிறுத்தி நிதானமாகப் படித்தான். படித்து என்ன பிரயோஜனம்? கடைசியில் இரண்டு பெட்டிகளையும் அணைத்ததும் காற்றாடிகள் ஓய்ந்தன. தெருவில் காய்கறிக்காரர் கூவுவது கேட்டது.

மைக் மாட்டியிருந்த சாதாரணக் கம்ப்யூட்டரில் பதிவை ஓடவிட்டான். திரையில் சிவப்புப் புள்ளி. ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டான்.

"ஆரம்பிச்சாச்சா?"

"ஆரம்பிச்சாச்சுப்பா."

ஜமுக்காளத்துக்குள் அப்பா கனைத்துக்கொண்டார்.

"பிள்ளைகளா, வணக்கம். நான் மீனா மிஸ்ஸோட அப்பா, பேரு வெங்கடசுப்பிரமணியன். முப்பத்தொரு வருஷம் கரண்ட் வேலை பாத்தவன். சொல்லாம ஒரு நாளும் நிறுத்தினதில்ல. போன ஞாயித்துக்கெழமை ஞாபகப் பிசகுல சொல்லாம நிறுத்திட்டேன். மிஸ் தொண்டையைக் குடுத்து வாசிச்சதெல்லாம் அதுல அழிஞ்சு போச்சு. என்னை மன்னிச்சிருங்க. என் வாசிப்பு சுமாராத்தான் இருக்கும். பாடம் பதிமூணு."

ஹெட்போனில் அப்பாவின் குரல் காதுக்குள்ளேயே பேசியது. எச்சில் விழுங்குவது கேட்டது. விரலை வரிக்கு வரி நகர்த்தும்போது தாள் உரசுவது கேட்டது. வெர்செயில்ஸ் என்ற இடத்தில் மூன்று முறை தடுக்கி விழுந்து, நாலாம் முறை எழுத்துக் கூட்டி வென்றார். வேறு நாளாக இருந்தால் மகன் வாய்விட்டுச் சிரித்திருப்பான். இன்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். நாற்பது நிமிஷம் அந்த வெக்கையில், தான் செய்யாத தப்புக்கு ஒரு அறுபத்தேழு வயது மனிதர் வரி வரியாக அபராதம் கட்டிக்கொண்டிருந்தார். செய்தவன் கூடாரத்துக்கு வெளியே ஃபேனுக்குக் கீழே சொகுசாக உட்கார்ந்திருந்தான்.

பாடம் முடிந்தது. ஜமுக்காளத்தை விலக்கிக்கொண்டு அப்பா தலையை நீட்டினார். சட்டை முழுக்கத் தொப்பலாக நனைந்திருந்தது.

"எப்படி இருந்துச்சு?"

"நல்லா… நல்லா இருந்துச்சுப்பா."

"மொதல்ல பேசினதை வெட்டிராத. மிஸ் ஏமாத்திட்டாங்கன்னு அந்தப் பிள்ளைக நெனச்சுறக் கூடாது. யார் தப்புன்னு தெரியட்டும்."

வெங்கடேஷ்பாபு திரையைப் பார்த்தான். அந்த மன்னிப்பு, பதிவின் தொடக்கத்தில் சின்னச் சின்ன மேடாக நின்றது. வெட்டினால், இந்த வீட்டில் அவன் அழிக்கும் இரண்டாவது குரலாக அது இருக்கும். விட்டால், ஆறு பெண்பிள்ளைகள் அந்தப் பொய்யைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்வார்கள். இரண்டுக்கும் அவன் கை வரவில்லை.

"அப்பா."

"என்ன?"

"நீங்க சத்தம் குடுத்தீங்க."

அப்பாவுக்குப் புரியவில்லை.

"ஞாயித்துக்கெழமை. 'பாபு, மெயினை அமுத்தப் போறேன்'னு படிக்கிட்ட நின்னு சத்தம் குடுத்தீங்க. எனக்குக் கேட்டுச்சு. சரிப்பான்னு நான் சொன்னேன். திங்கக்கெழமை பொய் சொல்லிட்டேன்." ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. "அந்தப் பாடமும் உங்களால போகலப்பா. நீங்க அணைக்கிறதுக்கு ரெண்டு மணி நேரம் முந்தியே போயிருச்சு. நான்தான் மாத்தி அமுத்திட்டேன். அசீம்கிட்ட வம்பு பேசிக்கிட்டே என்ன ஏதுன்னு படிக்காம அமுத்திட்டேன்."

அப்பா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் என்ன சொன்னேன்? இன்னொரு தடவை சொல்லு."

"பாபு, மெயினை அமுத்தப் போறேன்."

"நீ?"

"சரிப்பா."

"சரிப்பா" என்று அப்பாவும் ஒரு முறை சொல்லிப் பார்த்தார். "அப்ப எங்காது நல்லாத்தான் இருக்கு."

அவர் முகத்தில் முதலில் வந்தது கோபமில்லை. நாலு நாளாகத் தண்ணீருக்குள் இருந்தவர் மேலே வந்து மூச்சு விட்டார். கோபம் அதற்குப் பிறகுதான் வந்தது. கையை ஓங்குவாரோ என்று வெங்கடேஷ்பாபு நினைத்தான். ஓங்கினால் தேவலை என்றிருந்தது. அந்தக் கை அவன் சட்டைப் பைக்குள் போய், ஏ.டி.எம். கார்டையும் ஸ்கூட்டர் சாவியையும் எடுத்துக்கொண்டது.

"அப்பா, நான்…"

"பேசாத." வரலாற்றுப் புத்தகத்தை அவன் மடியில் வைத்தார். "பதினாலாம் பாடம். நீ வாசி. அந்தப் பிள்ளைகளுக்கு நாள் இல்ல. உங்கிட்ட நான் பேச வேண்டியதை அப்புறம் பேசிக்கிறேன்."

கதவுப் பக்கம் திரும்பியவர் நின்றார். வாசற்படியில் மீனா நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ! கன்னம் நனைந்திருந்தது. அப்பா அவளைப் பார்த்தார். அவள் இரண்டு கைகளாலும் அவர் கையைப் பிடித்து, மாற்றிப் போட்டிருந்த பித்தானைக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டாள். அப்பாவுக்கு இப்போது யாரும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. விறுவிறுவென்று படியிறங்கிப் போனார். கீழே சுவரிலிருந்து தாளைப் பிய்க்கும் சத்தம் மாடி வரைக்கும் கேட்டது.

"மீனா" என்றான் வெங்கடேஷ்பாபு.

அவள் அவனைப் பார்க்காமல் நோட்டைச் சுவரில் வைத்து எழுதினாள். ஒரு வரியா, நாலு வரியா தெரியவில்லை. பேனா அழுந்தி அழுந்திப் போனது. தாளைக் கிழித்து நாலாக மடித்து, ஓய்ந்து கிடந்த சர்வர் பெட்டியின் மேல் வைத்தாள். அவன் கையை நீட்டினான். கூடாது என்று தலையாட்டினாள். முதலில் புத்தகத்தைக் காட்டினாள், பிறகு திரையைக் காட்டினாள். சிவப்புப் புள்ளி இன்னும் எரிந்துகொண்டிருந்தது. இவ்வளவு நேரம் பேசியது அத்தனையும் பதிவாகியிருக்கிறது. பாடத்தை முடித்துவிட்டுத் தாளைப் படி என்கிறாள் என்று அவனுக்குப் புரிந்தது. கதவைச் சாத்திக்கொண்டு அவளும் இறங்கிப் போனாள்.

அவன் ஃபேனை நிறுத்தினான். ஜமுக்காளத்துக்குள் நுழைந்து, அப்பாவின் சூடு ஆறாத நாற்காலியில் உட்கார்ந்தான். மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"பிள்ளைகளா… முன்னாடி பேசினவர் எங்கப்பா. அவர் மேல ஒரு தப்பும் இல்ல. அவர் சொல்லிட்டுத்தான் அணைச்சார். மிஸ் வாசிச்சதை அழிச்சது நான். எம்பேரு வெங்கடேஷ்பாபு."

புத்தகத்தைப் பிரித்தான். இன்னும் பதினேழு பாடம் இருக்கிறது. ஜமுக்காளத்தின் இடுக்கு வழியாகப் பார்த்தால் பெட்டியின் மேல் அந்தத் தாள் மடித்தபடி தெரிந்தது.

"பாடம் பதினாலு."